சமக்குறியும் நிரல் பிழைகளும்

சமக்குறி (=) கணிதத்தில் இரு பக்கமும் ஒரே அளவு என்று கூறும் குறி. பெரும்பாலான நிரல் மொழிகளில் அதே குறி வேறு வேலையைச் செய்கிறது. வலப்பக்கம் உள்ளதைக் கணக்கிட்டு, கிடைத்த மதிப்பை இடப்பக்கம் உள்ள மாறியில் வைக்கும்படி அது கணினிக்குக் கட்டளையிடுகிறது. இச்செயல் மதிப்பிருத்தல் எனப்படும். நிரல் எழுதத் தொடங்குவோர் செய்யும் பிழைகளில் பல இந்த ஒரு குறியைச் சுற்றியே நிகழ்கின்றன. ஒப்பிட வேண்டிய இடத்தில் மதிப்பிருத்துவது, ஷெல் ஸ்கிரிப்டில் குறியின் இரு புறமும் இடைவெளி விடுவது, பக்கங்களை மாற்றி எழுதுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

இவற்றைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. துளை அட்டைக் காலத்திலிருந்து மொழி வடிவமைப்பாளர்கள் எடுத்த சில முடிவுகள் இப்பிழைகளுக்கு வழி வகுத்தன. ஒரே தவறு ஒரு மொழியில் உடனே பிழைச் செய்தி தந்து நிற்கிறது. இன்னொரு மொழியில் சத்தமில்லாமல் ஓடித் தவறான விடை தருகிறது. கற்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் ஆபத்தானது இரண்டாவதுதான்.

எடுத்துக்காட்டுகளில் மாறிகளின் பெயர்கள் விளக்கத்துக்காகத் தமிழில் தரப்பட்டுள்ளன. ஷெல்லில் மாறிப் பெயருக்கு இலத்தீன் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்தலாம்.

கணிதத்தில் சமக்குறி

வேல்ஸ் நாட்டில் பிறந்த மருத்துவரும் கணித ஆசிரியருமான ராபர்ட் ரெக்கார்ட், 1557இல் வெளியிட்ட தம் இயற்கணித நூலில் இக்குறியை அறிமுகப்படுத்தினார். 'சமம்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்க, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை அவர் தேர்ந்தெடுத்தார். அவற்றைவிடச் சமமான இரு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். குறி பரவலாக ஏற்கப்பட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கணிதச் சமக்குறிக்கு இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று, பக்கங்களை மாற்றினாலும் பொருள் மாறாது. மற்றொன்று, அது காலத்தோடு தொடர்பற்றது. ஒரு முறை உண்மையானால் அக்கணக்கு முழுவதும் உண்மை. நிரலில் இவ்விரண்டும் இல்லை. பக்கங்களை மாற்றினால் பொருளே மாறிவிடும்; அந்த வரி செயல்பட்ட கணத்துக்குப் பின் இரு பக்கங்களுக்கும் தொடர்பு இல்லை.

எண் = எண் + 1

என்பது கணிதத்தில் நடக்கவே முடியாத சமன்பாடு. நிரலில் 'எண்ணில் இப்போது உள்ளதோடு ஒன்றைக் கூட்டி, விடையை மறுபடியும் எண்ணிலேயே வை' என்ற எளிய கட்டளை.

துளை அட்டைக் காலம்

ஜெர்மனியின் கொன்ராட் சூசு 1940களின் முற்பகுதியில் வகுத்த பிளான்கல்கூல் என்ற மொழியில் மதிப்பிருத்தலுக்கெனத் தனிக்குறி இருந்தது. கணக்கிட வேண்டிய கோவை இடப்பக்கமும் விடையை ஏற்கும் மாறி வலப்பக்கமும் நின்றன; இடையில் அம்பு போன்ற குறி. செயல் எந்தத் திசையில் நடக்கிறது என்பதை அது கண்ணுக்குக் காட்டியது. ஆனால் போர்ச்சூழலால் அம்மொழி அக்காலத்தில் புழக்கத்துக்கு வரவில்லை.

புழக்கத்துக்கு வந்தது ஃபோர்ட்ரான். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக இதை வெளியிட்டது. மதிப்பிருத்தலுக்கு அது சமக்குறியை எடுத்துக்கொண்டது. அறிவியலாளர்கள் தாளில் எழுதும் சூத்திரம் போலவே நிரலும் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அன்றைய துளை அட்டைகளில் கிடைத்த குறிகளும் மிகக் குறைவு. பெரிது, சிறிது என்று காட்டும் குறிகள்கூட அவற்றில் இல்லை. பின்னர் ஒப்பீடுகளைச் சேர்த்தபோது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 'ஈ கியூ' என்ற இரு எழுத்துகளை இட்டு, சமமா என்று கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. கட்டளைக்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று எனக் குறிகள் பிரிந்தே இருந்ததால் அங்கே அக்குழப்பம் எழவில்லை.

ஃபோர்ட்ரானில் வேறொரு பள்ளம் இருந்தது. அம்மொழி இடைவெளிகளைப் பொருட்படுத்தவில்லை. மாறிகளை முன்கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மீண்டும் மீண்டும் செய்வதற்கான 'டூ' கட்டளை பின்வருமாறு எழுதப்படும்:

டூ 10 ஐ = 1,10

ஐ என்ற மாறி 1 முதல் 10 வரை மாறும்போது, 10 என்ற எண் இட்ட வரி வரையிலான பகுதியை ஒவ்வொரு முறையும் செய் என்பது இதன் பொருள். காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி விழுந்துவிட்டால், இடைவெளிகள் நீங்கி 'டூ10ஐ' என்ற புதிய மாறியில் 1.10 என்ற மதிப்பை வைக்கும் சரியான வரியாக அது மாறிவிடும். தொடரியல் பிழை என்று எந்த அறிவிப்பும் வராது. நாசாவின் மெர்க்குரித் திட்டக் காலத்துச் சுற்றுப்பாதைக் கணிப்பு நிரல் ஒன்றில் இத்தகைய பிழை இருந்து, தீங்கு நேரும் முன் கண்டறியப்பட்டது. 1962 ஜூலை 22 அன்று மரைனர் 1 விண்கலம் அழிந்ததற்கு இதுவே காரணம் என்ற கதை பரவலாக உண்டு, அது சரியன்று. மரைனர் 1இன் வழிகாட்டும் சமன்பாட்டைப் படியெடுத்தபோது, ஓர் எழுத்தின் மேல் இட வேண்டிய சிறு கோடு விடுபட்டது அந்நிகழ்வோடு தொடர்புடைய பிழை. இரண்டு நிகழ்வுகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

தனிக்குறி தேடிய மொழிகள்

1958இல் ஐரோப்பிய, அமெரிக்க வல்லுநர்கள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் கூடி அல்கால் மொழியை வகுத்தனர். அதில் மதிப்பிருத்தலுக்கு முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த := என்ற குறி வந்தது. வெறும் சமக்குறி ஒப்பிடுவதற்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழி இதே வழியைப் பின்பற்றியது. கென்னத் ஐவர்சனின் ஏபிஎல் மொழி இடப்பக்கம் நோக்கிய அம்பைப் பயன்படுத்தியது.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964இல் உருவாக்கிய பேசிக் மொழி தொடக்க நிலை மாணவர்களுக்கானது. அதில் ஒரே சமக்குறி இரு வேலைக்கும் பயன்பட்டது. ஆனால் மதிப்பிருத்தும் வரி 'லெட்' என்ற சொல்லுடன் தொடங்க வேண்டும். 'எண் என்பது இதுவாக இருக்கட்டும்' என்று படிக்கும்போதே அது கட்டளை என்பது மாணவருக்குப் புரியும். பிற்காலப் பேசிக் வகைகளில் அந்தச் சொல் கட்டாயமில்லாமல் போயிற்று.

சி மொழியின் இரட்டைச் சமக்குறி

இன்றைய வழக்கத்தின் வேர் பெல் ஆய்வகத்தில் உள்ளது. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் := குறியே இருந்தது. அதைச் சுருக்கி கென் தாம்சன் 1969-70 அளவில் பி மொழியை எழுதியபோது, மதிப்பிருத்தலுக்கு ஒற்றைச் சமக்குறியையும் ஒப்பிடுதலுக்கு இரட்டைச் சமக்குறியையும் (==) வைத்தார். நிரல்களில் ஒப்பீட்டைவிட மதிப்பிருத்தல் ஏறத்தாழ இரு மடங்கு அடிக்கடி வருவதால் அதன் குறி பாதி நீளமாக இருப்பது பொருத்தம் என்ற காரணம் இதற்குச் சொல்லப்படுகிறது. மெதுவாக இயங்கிய தட்டச்சு முனையங்களில் ஓர் எழுத்தை மிச்சப்படுத்துவதும் லாபம்தான். பி மொழியிலிருந்து சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி, பின்னாளில் எழுதிய வரலாற்றில், இது சுவை சார்ந்த முடிவு என்றும் இன்னும் சர்ச்சைக்குரியது என்றும் குறிப்பிட்டுள்ளார்.

அதே காலத்து மற்றொரு முடிவு திருத்தப்பட்டது. கூட்டி வைத்தல், கழித்து வைத்தல் ஆகியவற்றுக்குத் தொடக்கத்தில் =+, =- என்று எழுதினர். இதனால்,

எண்=-10

என்ற வரியை 'எண்ணில் -10ஐ வை' என்றும் 'எண்ணிலிருந்து 10ஐக் கழி' என்றும் இரு விதமாகப் படிக்கலாம். 1976இல் குறிகளின் வரிசை +=, -= என்று மாற்றப்பட்டது. ஒற்றைச் சமக்குறி மட்டும் அப்படியே நிலைத்தது. சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி என்று பின்வந்த மொழிகள் பலவும் அதை வாரிசாகப் பெற்றன.

சி மொழியில் மதிப்பிருத்தலும் ஒரு கோவையே; வைக்கப்பட்ட மதிப்பே அதன் விடை. சுழியம் பொய் என்றும் மற்ற எண்கள் மெய் என்றும் கொள்ளப்படும். ஆகவே,

இஃப் (வயது = 18)

என்று எழுதினால் தொடரியல்படி அது சரியான வரி. வயது 18ஆ என்று கேட்பதற்குப் பதில், வயதில் 18ஐ வைத்துவிட்டு, 'மெய்' என்று கருதி நிரல் தொடரும். பத்து வயதுச் சிறுவனுக்கும் வாக்காளர் அட்டை கிடைத்துவிடும். நிபந்தனை எப்போதும் மெய்யாவது ஒரு தவறு. பழைய மதிப்பு அழிந்துபோவது இரண்டாவது தவறு.

இந்த ஒற்றை எழுத்து வேறுபாட்டை வேண்டுமென்றே பயன்படுத்தவும் முயன்றிருக்கிறார்கள். 2003 நவம்பரில் லினக்ஸ் கருவின் மூலநிரல் பிரதிகளில் ஒன்றில் அடையாளம் தெரியாத ஒருவர் இரண்டு வரிகளைச் சேர்த்தார். பயனரின் எண் சுழியமா என்று சோதிப்பதுபோல் அது தோன்றியது. உண்மையில் அங்கே இருந்தது ஒற்றைச் சமக்குறி. லினக்ஸில் சுழியம் என்பது அனைத்து உரிமையும் உள்ள ரூட் பயனரின் எண். குறிப்பிட்ட முறையில் அந்தப் பகுதியை அழைக்கும் எவரும் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிடுவார். முதன்மைக் களஞ்சியத்தோடு பிரதியை ஒப்பிடும் சோதனையில் வேறுபாடு தெரிந்ததால் முயற்சி முறியடிக்கப்பட்டது. முதன்மைக் களஞ்சியம் பாதிக்கப்படவில்லை.

பைத்தானின் வழி

கிடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழியும் அதே இரு குறிகளைக் கொண்டது. ஆனால் அங்கே மதிப்பிருத்தல் ஒரு கூற்று, கோவை அன்று. நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறி வந்தால் தொடரியல் பிழை என்று நிரல் ஓடத் தொடங்கும் முன்பே நின்றுவிடும். தொடக்க நிலை மாணவருக்கு இது எரிச்சலாகத் தோன்றினாலும், சி மொழியின் மௌனத்தைவிட மேலானது. 2021இல் வந்த பைத்தான் 3.10 பதிப்பு இன்னும் ஒரு படி சென்று, '== அல்லது := என்று எழுத நினைத்தீர்களா?' என்ற பொருளில் செய்தி தருகிறது.

அச்செய்தியில் வரும் := அல்கால் காலத்துக் குறிதான். கோவைக்குள்ளேயே மதிப்பிருத்துவதற்காக 2019இல் பைத்தான் 3.8 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. அதைச் சேர்ப்பது பற்றி எழுந்த கடும் விவாதத்துக்குப் பின், 2018 ஜூலையில் வான் ராசம் மொழியின் இறுதி முடிவெடுப்பவர் என்ற பொறுப்பிலிருந்து விலகினார்.

ஷெல்லில் இடைவெளியின் பொருள்

யூனிக்ஸ் இயங்குதளத்தில் பயனரின் கட்டளைகளை ஏற்று நடத்தும் நிரல் ஷெல். கென் தாம்சன் எழுதிய முதல் ஷெல் எளிமையானது. ஸ்டீஃபன் போர்ன் எழுதி, 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த போர்ன் ஷெல் முழுமையான நிரல் மொழியாக அமைந்தது. போர்ன் அல்கால் 68 மொழியில் பழகியவர். 'இஃப்' என்று தொடங்குவதை அந்த எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'ஃபை' என்று முடிக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. இன்று லினக்ஸில் பரவலாக உள்ள பாஷ், பிரையன் ஃபாக்ஸ் 1989இல் வெளியிட்டது. போர்ன் ஷெல்லின் இலக்கணத்தையே அது பின்பற்றுகிறது.

ஷெல் முதலில் கட்டளைகளை இயக்கும் கருவி. அதன் பிறகே நிரல் மொழி. வரியின் முதல் சொல் கட்டளையின் பெயர், மற்றவை அதற்குத் தரப்படும் உள்ளீடுகள், சொற்களைப் பிரிப்பது இடைவெளி. இது அதன் அடிப்படை விதி. மதிப்பிருத்தலை இதிலிருந்து வேறுபடுத்த ஒரே வழிதான் இருந்தது: பெயர், சமக்குறி, மதிப்பு மூன்றும் இடைவெளியின்றி ஒரே சொல்லாக நிற்க வேண்டும். பிற மொழிகளில் அழகுக்காக விடப்படும் இடைவெளி இங்கே பொருளையே மாற்றுகிறது.

வயது=18
இதுவே சரியான மதிப்பிருத்தல்.

வயது = 18
'வயது' என்ற கட்டளையை =, 18 என்ற இரு உள்ளீடுகளுடன் இயக்க ஷெல் முயலும். கட்டளை காணப்படவில்லை என்ற செய்தி வரும்.

வயது= 18
வயதைத் தற்காலிகமாக வெற்றாக வைத்து, '18' என்ற கட்டளையைத் தேடும்.

$வயது=18
டாலர் குறி மாறியின் மதிப்பைக் கேட்பதற்கானது, வைப்பதற்கானது அன்று. வயதில் ஏற்கெனவே 10 இருந்தால் '10=18' என்ற கட்டளையை ஷெல் தேடும்.

ஊர்=மேல மாசி வீதி
ஊரில் 'மேல' என்பதை வைத்து, 'மாசி' என்ற கட்டளையைத் தேடும். இடைவெளியுள்ள மதிப்பை மேற்கோள் குறிகளுக்குள் இட வேண்டும்.

இவற்றுள் எதுவும் ஷெல்லின் பார்வையில் தொடரியல் பிழை அன்று. ஒவ்வொன்றும் இலக்கணப்படி சரியான கட்டளை. அந்தப் பெயரில் கட்டளை இல்லை என்பதே குறை. ஆகவே ஷெல் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். மதிப்பு ஏறாத மாறியுடன் மீதி நிரல் முழுவதும் ஓடும்.

ஒப்பிடுதலிலும் இதே விதி தொடர்கிறது. நிபந்தனையில் வரும் இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி [ என்பது நிறுத்தற்குறி அன்று; அதுவே ஒரு கட்டளையின் பெயர். ஆகவே அதன் பின் இடைவெளி கட்டாயம். மாறி வெற்றாக இருந்தால் [ $வயது = 18 ] என்ற வரியில் இடப்பக்கம் காணாமல் போய்ப் பிழைச் செய்தி வரும்; "$வயது" என்று இரட்டை மேற்கோளில் இட்டால் வராது. [ 10 > 9 ] என்று எழுதினால் ஒப்பீடு நடக்காது. > என்பது வெளியீட்டைக் கோப்பில் எழுதும் குறி என்பதால் '9' என்ற பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்று உருவாகும். எண்களை ஒப்பிட '-ஈகியூ', '-ஜிடி' போன்ற எழுத்துச் சுருக்கங்கள் உள்ளன.

வெற்று மாறியின் விலை

மதிப்பு ஏறாத மாறி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை 2015 ஜனவரியில் வெளியான ஒரு நிகழ்வு காட்டியது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் பதிப்புடன் வந்த ஷெல் ஸ்கிரிப்டில், செயலி இருக்கும் கோப்புறையின் பாதையை ஒரு மாறியில் வைத்து, அப்பாதையோடு சாய்கோட்டையும் விண்மீன் குறியையும் சேர்த்து அழிக்கும் வரி இருந்தது. பாதையைக் கண்டுபிடிக்கும் வரி தோல்வியுற்றபோது மாறி வெற்றாயிற்று. மிஞ்சியது சாய்கோடும் விண்மீனும் மட்டும். யூனிக்ஸில் தனிச் சாய்கோடு என்றால் கோப்பு மரத்தின் வேர். பயனர் ஒருவருக்கு, காப்புப்படி வைத்திருந்த வெளி வட்டில் இருந்த கோப்புகள் உட்பட, அழிக்க உரிமையிருந்த கோப்புகள் அழிந்தன. அந்த வரிக்கு மேலே நிரலர் 'பயங்கரம்' என்று பொருள்படும் குறிப்பு ஒன்றை எழுதி வைத்திருந்தார். ஆபத்து தெரிந்திருந்தது, தடுக்கும் சோதனை மட்டும் இல்லை.

பிழை கண்டறியும் வழிகள்

பிழைச் செய்திகள் பல வந்தால் முதல் செய்தியையே முதலில் பார்க்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். செய்தி காட்டும் வரி எண், பிழை கணினிக்குப் புலப்பட்ட இடமே தவிர, பிழை நிகழ்ந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. சி மொழியில் அரைப்புள்ளி விடுபட்டால் அடுத்த வரி குற்றம் சாட்டப்படலாம். ஷெல்லில் மூடப்படாத மேற்கோள் குறியோ விடுபட்ட 'ஃபை'யோ கோப்பின் கடைசி வரியில்தான் தெரியவரும்.

பாஷ் ஷெல்லில் '-என்' என்ற தெரிவு நிரலை இயக்காமல் தொடரியலை மட்டும் சோதிக்கும். சமக்குறியைச் சுற்றிய இடைவெளியை அது பிழையாகக் காட்டாது. காரணம் மேலே கூறியதே. '-எக்ஸ்' தெரிவு ஒவ்வொரு கட்டளையையும் மதிப்புகள் இடப்பட்ட வடிவில் காட்டிக்கொண்டே இயக்குவதால், ஷெல் ஒரு வரியை எப்படிப் படித்தது என்பது நேரடியாகத் தெரியும். 'செட் -யூ' என்று தொடக்கத்தில் எழுதினால், மதிப்பே வைக்கப்படாத மாறியைப் பயன்படுத்தும் இடத்தில் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஆனால் வெற்று மதிப்பு வைக்கப்பட்ட மாறியை அது பிடிக்காது. ஸ்டீம் நிகழ்வில் இருந்தது அத்தகையது. நெளிவு அடைப்புக்குள் மாறிப் பெயரை அடுத்து :? என்று சேர்த்தால் இரண்டு நிலையிலும் ஸ்கிரிப்ட் நிற்கும். ஷெல்செக் என்ற கட்டற்ற மென்பொருள், சமக்குறியைச் சுற்றிய இடைவெளி, மேற்கோள் இல்லாத மாறி ஆகியவற்றை இயக்கும் முன்பே சுட்டிக்காட்டும்.

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டை லினக்ஸில் இயக்கும்போது, சரியாகத் தோன்றும் வரியிலும் பிழை வரலாம். விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி மாறியின் மதிப்போடு ஒட்டிக்கொள்வதே இதற்குக் காரணம். சி, சி++ நிரல்பெயர்ப்பிகளில் எச்சரிக்கைகளை இயக்கினால், நிபந்தனைக்குள் வரும் ஒற்றைச் சமக்குறி சுட்டப்படும். 18 == வயது என்று மாறிலியை இடப்பக்கம் எழுதுவது இன்னொரு உத்தி; ஒரு குறி விடுபட்டால் 18இல் மதிப்பை வைக்க முடியாது என்பதால் நிரல்பெயர்ப்பி மறுத்துவிடும்.

கல்வியில்

தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் 11ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் நெறிமுறைப் பாடங்களில் := குறியைக் காண்கிறார்; அதே ஆண்டு சி++ பாடத்தில் = குறிக்கு மாறுகிறார்; கணித வகுப்பில் அதே = குறி சமன்பாடாக நிற்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல் மொழியும் மதிப்பிருத்தலுக்கு ஒற்றைச் சமக்குறியையே கொண்டுள்ளது. சொற்கள் தாய்மொழியில் வந்தாலும் குறியின் இரட்டைப் பொருள் மாணவருக்கு விளக்கப்பட வேண்டியதாகவே உள்ளது.

அ = ஆ என்று எழுதிய பின் ஆ மாறினால் அ-வும் தானே மாறும் என்று தொடக்க நிலையினர் எதிர்பார்ப்பதுண்டு. விரிதாளில் பழகியவர்களுக்கு இந்த எதிர்பார்ப்பு இயல்பானது. அங்கே சமக்குறியோடு தொடங்கும் சூத்திரம் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கும். இரு மாறிகளின் மதிப்புகளை மாற்ற அ = ஆ, ஆ = அ என்று எழுதுவதும் அடிக்கடி காணப்படும் தவறு. முதல் வரியிலேயே அ-வின் பழைய மதிப்பு அழிந்துவிடுகிறது. ஒரு செம்பில் பாலும் மற்றொன்றில் மோரும் இருந்தால், அவற்றை இடம் மாற்ற மூன்றாவது செம்பு வேண்டும். நிரலில் மூன்றாவது மாறி.

இக்குழப்பத்தைக் குறைக்க ஆசிரியர்கள் கையாளும் எளிய வழி, வரியை வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்வது. 'வயது சமம் 18' என்று படிக்காமல் '18ஐ வயதில் வை' என்று படித்தால் அது கட்டளை என்பது காதிலேயே விழும். இரட்டைச் சமக்குறியை 'சமமா?' என்று கேள்வியாகப் படிப்பதும் அத்தகையதே. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மாறிகளின் மதிப்பைத் தாளில் அட்டவணையாக எழுதிப் பார்ப்பது, பிழைச் செய்தி எதுவும் தராமல் ஓடும் தவறுகளைக் கண்டுபிடிக்க இன்றும் கைகொடுக்கும் முறையாகும்.